ஓடும்போதே நிறுத்தச் சொன்னேன், மகனே

இன்னும் பிறக்காத என் மகனுக்கு, ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற உன் அம்மா எழுதுகிறேன். சிரிக்காதே. உன்னிடம் சொல்லச் சொன்னது என் அம்மாதான். ஒரே விஷயத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டு அலுத்துப்போய், அடுப்பை ஊதிக்கொண்டே, "உன்ற நாயத்தையெல்லாம் நாளைக்கு உனக்கொரு மவன் பொறப்பான், அவங்கிட்டச் சொல்லு. இந்த ஊட்டுல கேக்கறதுக்கு ஆளில்லே" என்றாள். கோபத்தில் சொன்னாளா, இரக்கப்பட்டுச் சொன்னாளா என்று தெரியவில்லை. ஆனால் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை என்பது உண்மை. அதனால் சாமான் அறையில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல், விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். விடிந்ததும் என்னை மேற்கே ஒரு பூசாரியிடம் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள். எனக்குக் கருநாக்கு என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பொன்னூசியை நெருப்பில் காட்டி நாக்கு நுனியில் வைத்தால் அந்தத் தோஷம் போய்விடுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது. வெளிச்சம் குறைவாக இருப்பதால் எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள். நீ இதைப் படிக்கிற காலத்தில் வளர்ந்து ஆளாகி, ஒரு மில்லுக்கோ பஸ்ஸுக்கோ பம்புசெட்டுக்கோ சொந்தக்காரனாக இருப்பாய். நம் பக்கத்து ஆண்பிள்ளைகள் வேறு என்ன ஆகிறார்கள்? அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எல்லையை ஒட்டி மலையாளப் பக்கத்தில், வேலந்தாவளம் போகிற சாலையில் எங்கள் அரிசி மில் இருக்கிறது. என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கூட்டு. வயலும் கூட்டுத்தான், சமையலும் ஒன்றுதான், பேச்சு மட்டும் பெரியப்பாவுடையது. மில்லில் ஒரு டீசல் இன்ஜின். அது சுவரோரம் நீளமாகப் போகிற ஒரு இரும்புத் தண்டைச் சுற்றும். அந்தத் தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி, உமி நீக்குகிற மிசின், தவிடு எடுக்கிற மிசின், நெல்லை மேலே ஏற்றுகிற வாளிகள் எல்லாவற்றையும் ஓட்டும். தண்டு ஒன்றுதான். அது நின்றால் எல்லாம் நின்றது. அந்தத் தண்டைத் தாங்கிக்கொண்டு நாலு பேரிங் பெட்டிகள் இருக்கின்றன. கடைசிப் பெட்டி, நெல் அவிக்கிற பக்கத்து இருட்டு மூலையில், உமித்தூசி வந்து படிகிற இடத்தில் இருக்கிறது. நான் சொல்லப்போகிற எல்லாக் கேடும் அந்த மூலையில்தான் தொடங்கியது.

அதற்கு முன்னால் உன் தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலந்தாவளம் சந்தையில் என் அப்பா மாடு பார்ப்பதை நீ பார்த்திருக்க வேண்டும். விற்கிறவன் வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டே இருப்பான். அப்பா மாட்டின் பல்லைக்கூடப் பார்க்க மாட்டார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார், முன்னங்கால் குளம்பைத் தடவுவார், பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இந்த மாடு தை மாதம் நொண்டும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். அதை வாங்கிப் போனவன் தை மாதம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பான், என்ன பச்சிலை கட்டலாம் என்று கேட்டு. நோய் வெளியே தெரிவதற்கு முன்னால் நடையில் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இப்படிப்பட்டவர் மில்லுக்குள் நுழைந்ததும் வேறு ஆளாகிவிடுவார். அங்கே மிசினைத் திறப்பது ஆயுத பூசைக்கு மட்டும்தான். அன்று கழுவி, துடைத்து, கிரீஸ் மாற்றி, மாலை போடுவார்கள். மற்ற நாளில் ஓடுகிற மிசினைத் திறப்பது அபசகுனம். அது நின்றுவிடும் என்று நினைப்பதும் அபசகுனம், வாயால் சொல்வது அதைவிடப் பெரிய அபசகுனம்.

வெள்ளிக்கிழமைதோறும் மில்லில் கற்பூரம் காட்டுவார்கள். மிசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே காட்ட வேண்டும் என்பது பெரியப்பா வைத்த முறை. வீட்டுப் பெண்பிள்ளை கையால் நாலு பேரிங் பெட்டிக்கும் சந்தனப் பொட்டு வைக்க வேண்டும் என்பதும் அவர் வைத்த முறைதான். அந்தப் பெண்பிள்ளை நான். சடையை இறுக்கிச் சுருட்டிக்கொண்டு, பாவாடையைச் சொருகிக்கொண்டு, பெல்ட் பக்கம் போகாமல் ஒதுங்கி நின்று வைப்பேன். ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பெட்டியில் வைத்த பொட்டு நான் கையை எடுப்பதற்குள் வெளுத்துக் காய்ந்தது. மற்ற மூன்றும் ஈரமாகவே இருந்தன. அடுத்த வெள்ளி அது காய்ந்ததோடு வெடித்து உதிர்ந்தது. விரலைப் பெட்டி மேலேயே வைத்துப் பார்த்தேன். மற்றவை வெதுவெதுப்பு. இது காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி. அதற்கடுத்த வெள்ளி விரலை வைக்க முடியவில்லை.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பக்கத்தில் பெரியப்பா நின்றிருந்தார். அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் பெரியப்பா இரண்டு கையையும் கூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி ஏத்துக்குது அம்மிணி. வெச்ச சந்தனத்த வெச்ச கையோட எடுத்துக்குதுன்னா பாத்துக்க" என்றார். அன்றைக்கு எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். நானும் தின்றேன். அடுத்த வாரம் அந்தப் பெட்டிக்கு மட்டும் தனியாக ஒரு மாலை வந்தது. மூலையில் வெந்துகொண்டிருந்த இரும்புக்கு நாங்கள் பூச்சூட்டினோம், மகனே. காய்ச்சல் கண்ட மாட்டுக்குப் பொங்கல் வைத்து யாராவது கும்பிட்டிருந்தால் என் அப்பா சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்.

நான் விடவில்லை. ஆடியில் நெல் வரத்தே கிடையாது. பாதி நாள் மில் சும்மா கிடக்கும், இன்ஜின் ஓட்டுகிற டிரைவர் ஆறுச்சாமி அண்ணன் உமி மூட்டை மேல் படுத்துத் தூங்குவார். அப்போது அரைநாள் நிறுத்தி, அந்த ஒரு பெட்டியை மட்டும் திறந்து, மண்ணெண்ணெயில் கழுவி, பேரிங் தேய்ந்திருந்தால் கோயமுத்தூரிலிருந்து வேறொன்று வாங்கி வந்து மாட்டினால் போதும் என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். யாருக்கும் ஒரு படி நெல்கூட நஷ்டம் ஆகாது. புரட்டாசி அறுப்பான கன்னிக் கொய்த்து வந்துவிட்டால் வண்டிகள் வரிசையாக நிற்கும், அப்போது இது நின்றால் நாம் தொலைந்தோம் என்றும் சொன்னேன். கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியம்தான் என் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. பெரியப்பா பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினார். ஓடுகிற மாட்டை நிறுத்தி லாடம் பார்க்கிறவன் சந்தைக்குப் போய்ச் சேரமாட்டான் என்றார். பூசைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான், அப்போது திறக்கத்தானே போகிறோம் என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, புள்ளைக்கு வாய் நீண்டுபோச்சு, பள்ளிக்கூடம் போதும் என்றார். ஆறுச்சாமி அண்ணனைக் கேளுங்கள் என்றேன். அவர் வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு, "மிசினுன்னா சுடாம பின்னே குளுருமுங்களா" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புரட்டாசி பிறந்து அறுப்பு தொடங்கியது. கொழிஞ்சாம்பாறை வரைக்கும் உள்ள வயல்காரர்கள் எங்கள் மில்லுக்குத்தான் வருவார்கள். தொட்டிகள் நிறைய நெல் ஊறிக்கொண்டிருந்தது. அவித்த நெல் களத்தில் காய்ந்து அரைக்கக் காத்திருந்தது. அப்படி ஒரு மத்தியானம், பள்ளிக்கூடத்திலிருந்து நான் திரும்பி வருகிற வழியிலேயே மில் கத்துவது கேட்டது. ஆயிரம் பன்றியை ஒன்றாக அறுப்பது போல ஒரு சத்தம். பிறகு டமார் என்றது. பிறகு இன்ஜின் மட்டும் தனியாக ஓடுகிற வெறும் சத்தம். போய்ப் பார்த்தால் கடைசிப் பேரிங் இறுகி, தண்டு வில்லாக வளைந்து, பெல்ட் ஓடுகிற கப்பி வெடித்து, பெல்ட் அறுந்து சுவரில் அடித்து ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் செங்கல்லைச் சரித்திருந்தது. ஆறுச்சாமி அண்ணன் பீடி குடிக்க வெளியே போயிருந்ததால் உயிரோடு இருக்கிறார். அரைநாளில் தீரவேண்டிய வேலைக்கு, தண்டைக் கழற்றி வண்டியில் ஏற்றி, செக்போஸ்ட்டில் காத்துக் கிடந்து, கோயமுத்தூர் லேத்தில் கொடுத்துவிட்டு, அங்கே எங்களுக்கு முன்னால் வந்தவர்களுடைய வேலை முடிகிறவரை அப்பா கடை வாசலிலேயே நின்றார். கொய்த்து முடியப் போகிறபோதுதான் தண்டு திரும்பி வந்தது.

போனது தண்டு மட்டும் இல்லை. ஊறின நெல் தொட்டியிலேயே புளித்தது. தெருமுனை வரைக்கும் நாற்றம் வீசியது. நெல் வியாபாரி ராவுத்தர் தன் நெல்லைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், சத்தம் போடுகிற பழக்கம் இல்லாதவர். ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னங்க மொதலாளி, நான் அரிசியல்ல கேட்டேன். நீங்க கள்ளு எறக்கி வெச்சிருக்கீங்க. நமக்கு அந்த யாவாரம் ஆகாதுங்களே" என்றார். பெரியப்பாவாலேயே சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ராவுத்தர் சிரித்துக்கொண்டே போனார், அதன் பிறகு வரவில்லை. நெல்லை ஏற்றிக்கொண்டு வந்த வண்டிகள் எங்கள் வாசலில் திரும்பி வேறு மில்லுக்குப் போவதை நான் தினமும் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். வேறு மில்லுக்கு ஒருமுறை போய்ப் பழகிய வண்டிமாடு தானாகவே அந்த வழியில் திரும்பும். ஆளும் அப்படித்தான். நாசமான நெல்லைக் கணக்குப் பார்க்கலாம். திரும்பி வராத வண்டியை எந்தக் கணக்கில் எழுதுவது? இதைத்தான் நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மிசின் எப்படியும் ஒரு நாள் நிற்கும். நீ தேர்ந்தெடுக்கிற நாளில் நின்றால் அதற்குப் பெயர் வேலை. அது தேர்ந்தெடுக்கிற நாளில் நின்றால் அதற்குப் பெயர் நஷ்டம். அது எப்போதும் தொட்டி நிறைந்திருக்கிற நாளைத்தான் தேர்ந்தெடுக்கும், ஏனென்றால் அன்றைக்குத்தான் அதன் மேல் பாரம் அதிகம்.

இதைச் சொன்னால் எடுபடும் என்று நினைத்தேன். இப்போதாவது புரிந்திருக்கும், இனி நாலு பெட்டியையும் வாரம் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்கள், சூடு ஏறினால் ஓய்வான நாளில் திறப்பார்கள் என்று முட்டாள்தனமாக நம்பினேன். நடந்தது வேறு. பெரியப்பா வீடு முழுக்கக் கேட்கும்படி, அவ வாய்விட்டுச் சொன்னா, அதேமாதிரி நின்னுபோச்சு என்றார். அந்தப் பேச்சு அப்படியே பிடித்துக்கொண்டது. தெருவில் என்னைப் பார்த்தால் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் எருமை சினையாக இருப்பதை எனக்குத் தெரியாமல் மறைக்கிறாள். ஒரு வேப்பமரம் விழுந்ததற்கும் நான்தான் காரணம் என்றார்கள், அந்த மரத்தை நான் பார்த்ததுகூட இல்லை. கடைசியில் பூசாரிக்கு ஆள் போனது. சரிசெய்து வந்த தண்டை மாட்டிவிட்டார்கள். என் நாக்குக்குச் சூடு வைத்த பிறகுதான் இன்ஜினைக் கிளப்புவது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். கிளப்புவதற்கு முன்னால் தண்டு நேராகச் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்தார்களா என்று ஆறுச்சாமி அண்ணனிடம் கேட்டேன். கேள்வியை முடிக்கக்கூட விடவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங் அம்மிணி" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். இனி அவர் காதில் என்ன விழுந்தாலும் நல்லாத்தான் இருக்கும்.

இன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா என்னிடம் வந்தார். ஊசி வேண்டாம் என்று பெரியப்பாவிடம் பேசி ஒரு வழி செய்திருப்பதாகச் சொன்னார். பூசாரி முன்னால் நான் மூன்று தடவை, என் நாக்கால்தான் மில் நின்றது, இனி எதையும் முன்கூட்டிச் சொல்லமாட்டேன் என்று சொன்னால் போதும், தீர்த்தம் தெளித்து அனுப்பிவிடுவார்களாம். சந்தையில் நீங்கள் மாடு நொண்டும் என்று சொல்கிறீர்களே, அது உங்கள் நாக்கால்தான் நொண்டுகிறதா என்று கேட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"அது விக்கறவன் மாடு கண்ணு. என்னுது இல்லே" என்றார்.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்காமலேயே சொன்னார். "எனக்கும் தெரியும். நீ சொல்றதுக்கு முந்தியே நான் கை வெச்சுப் பாத்தேன்."

ஏன் நிறுத்தவில்லை என்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். நிறுத்தித் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் பெரிதாக இல்லை என்றால், ஓடுகிற மில்லை நிறுத்தின பாவி என்று பெரியப்பா ஆயுசுக்கும் சொல்வார். பேரிங்கை மாற்றி நல்லபடி ஓடினாலும் அதேதான் சொல்வார், அது மாற்றாமலேயே ஓடியிருக்குமே என்று. தானாக உடைந்தால் யார் மேலும் பழி இல்லை, விதி என்று போய்விடும் என்று நினைத்தாராம். பழி என் மேல் வரும் என்று நினைக்கவில்லையாம். "நீயாவது சும்மா இருந்திருக்கலாமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். என் அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்த வரைக்கும் எனக்கு அவர் மேல் இவ்வளவு கசப்பு இல்லை.

இதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன், மகனே. இரும்பு முன்கூட்டியே சொல்லிவிடும். சூட்டில் சொல்லும், சத்தத்தில் சொல்லும், நடுக்கத்தில் சொல்லும். அதைக் கேட்கிற ஆளும் எல்லா மில்லிலும் ஒருவராவது இருப்பார். கேட்டதை வாய்விட்டுச் சொன்னவருக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உன் மில்லில் ஒருவன் வந்து இது நிற்கும் என்று சொன்னால், அவன் வாயைப் பார்க்காதே, அவன் காட்டுகிற இடத்தைப் பார். திறந்து பார்த்து ஒன்றும் இல்லை என்றாலும் அவனை வையாதே. ஒன்று இருந்து, அதை மாற்றி, அதன் பிறகு எதுவுமே நடக்காமல் போனால், அவன் செய்தது யார் கண்ணுக்கும் தெரியாது. நடக்காமல் போன சேதத்துக்கு ஊரில் யாரும் மாலை போடமாட்டார்கள். நீ போடு. இதெல்லாம் உனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றாது. எனக்கு இன்று ராத்திரி இதைத் தவிர வேறு விஷயம் இல்லை.

அப்பா சொன்ன அந்த வாக்கை நான் இவ்வளவு நேரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வது சுலபம். சொல்லிவிட்டால் பள்ளிக்கூடம் மிஞ்சும், நாக்கும் மிஞ்சும். ஆனால் நானே அதைச் சொல்லிவிட்டால், அப்புறம் அந்த மில்லில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அடுத்த முறை பெல்ட் அறுகிறபோது ஆறுச்சாமி அண்ணன் பீடி குடிக்கப் போயிருப்பார் என்று எனக்கு யார் உத்தரவாதம் கொடுப்பது? அவருக்கும் ஒரு மகன் இருக்கிறான், பிறந்தே இருக்கிறான். அப்பாவுக்குத் தெரியும் என்பதையும் நான் அங்கே சொல்லமாட்டேன். அது அவர் சொல்ல வேண்டியது, அவர் சொல்லவும் மாட்டார். என்னால் சொல்ல முடிவது ஒன்றுதான், மிசின் பேரிங்கால் நின்றது. பயம் குறையவில்லை. அம்மா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது, அவளும் தூங்கவில்லை போலிருக்கிறது.

உனக்கு என்ன பெயர் வைப்பது என்று என்னை யாரும் கேட்கப் போவதில்லை. நம் பக்கத்து வழக்கப்படி பழனிச்சாமி என்றுதான் வைப்பார்கள். மலையாளப் பிள்ளைகளுக்குச் சமமாக ழகரம் சொல்கிறவள் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான். உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அந்த எழுத்து சரியாக வராமல் குழறினால், உன் அம்மாவுக்குப் பிறவியிலேயே நாக்குத் தடிப்பு என்று யாராவது சொல்வார்கள். நம்பாதே.